திருவிழா நாளில் எடுத்த தண்ணீர்

லீட்ஸ், இங்கிலாந்து
6.3.1988

அண்ணே,

சாப்பிட்டாயா, குளிர் தாங்குகிறாயா என்று நீ எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும் படித்தேன். சாப்பிட்டேன். தாங்கவில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார நேரமில்லை.

'என் தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று லயத்து வீடுகளில் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை' என்று அழுதிருக்கிறாய். எம்.பி.ஏ. என்று சொல், வாயை மூடிக்கொள்வார்கள். உனக்கு மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். வியாபாரம் நடத்தப் படிக்கிறோம். ஆனால் இந்த வருடம் புதிதாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். நிலைத்த வளர்ச்சி என்று பெயர். இன்றைக்கு நாம் சம்பாதிப்பது நாளைக்கு வருகிறவன் சோற்றுப் பானையில் கை வைத்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வகுப்பில் பாதிப் பேர் பேங்க்கிலிருந்து வந்தவர்கள். இந்தப் பாடம் வந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள்.

பாடம் நடத்துகிற பேராசிரியை என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். பொல்லாதவள். போன வாரம் அவள் கேட்டாள்: "ஆற்றைக் கெடுக்காமல் லாபம் பார்க்கிற ஒரு ஆலையை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?" எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. தூக்கிவிட்டேன். "எங்கள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலை இருக்கிறது. கழிவுநீரைக் குளம் குளமாகத் தேக்கி, தெளிய வைத்துத்தான் ஆற்றில் விடுகிறார்கள். ஒவ்வொரு சித்திரையிலும் அந்த ஆற்றில் நான் கால் வைத்திருக்கிறேன், கூழாங்கல் தெரியும்" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "அப்படியானால் அதையே உன் ஆய்வாக எழுது, ஆனால் உன் கால் சாட்சி போதாது" என்று சொல்லிவிட்டாள்.

என்னை அனுப்பிப் படிக்க வைக்கிற தோட்டத்துக் கம்பெனிக்கும் எழுதினேன். அவர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நல்லபடி முடித்து வந்தால் ஆலைகளுக்கெல்லாம் சுற்றுச்சூழல் அதிகாரி வேலை எனக்குத்தானாம்.

உன்னால் ஆக வேண்டியது இது. ஆற்றுத் தண்ணீர் மூன்று பாட்டில் வேண்டும். ஆலைக்கு மேலே ஒன்று, ஆலைக் கழிவு விழுகிற இடத்துக்குக் கீழே ஒன்று, மலாய்க்காரர் கிராமமான கம்பத்துப் பாலத்தடியில் ஒன்று. ஐஸில் வைத்து அன்றைக்கே பெட்டாலிங் ஜெயாவுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் என்னோடு படித்த திலகம் வேலை செய்கிறாள். அவள் பார்த்துக்கொள்வாள். உனக்கு என்றைக்கு லீவோ அன்றைக்கு எடு. ஆனால் எடு, அண்ணே. உன் 'பார்க்கலாம் லா' எனக்கு வேண்டாம்.

மணி


தெராத்தாய் தோட்டம்
பத்தாங் பெர்ஜுந்தாய்
4.5.1988

சீமைக்குப் போன சின்ன ராணிக்கு, இன்னும் லோரி ஓட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் சேது எழுதுவது.

உன் தண்ணீர் வேலை முடிந்தது. தாமதம் என்று குதிக்காதே. மரத்தில் பழம் அவ்வளவு. விடிந்தால் குலை ஏற்ற வேண்டும், இருட்டினால் ஆலையில் கொட்ட வேண்டும், ஞாயிறும் இல்லை கிழமையும் இல்லை. லோரிக்கு லீவு விட்டதே நம் அம்மன் திருவிழாவுக்குத்தான். அதனால் அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

காப்புக் கட்டிய கையோடு, விரதத்தோடு எடுத்தேன் தெரியுமா? கரகம் ஜோடிக்கப் பூசாரி இருசப்பன் மாமா ஆற்றுக்கு இறங்குவதற்கு முன்னாலேயே நான் மூன்று பாட்டிலோடு இறங்கிவிட்டேன். மாமா, "என்னடா சேது, கோயில் செயலாளரே சாராயம் கடத்துறான்னு சொல்லப் போறானுங்க" என்றார். தங்கச்சி படிப்புக்கு என்று சொன்னதும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் விபூதி பூசிவிட்டார். அதை நான் துடைத்துவிட்டேன், பயப்படாதே.

ஐஸ் பெட்டிக்குக் கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் மீன் விற்கிற சோமுவைப் பிடித்தேன். எவ்வளவு கழுவினாலும் பெட்டியில் மீன் வாடை போகவில்லை. கே.எல். பஸ்ஸில் கண்டக்டர் என்னை ஏற்றவே மாட்டேன் என்றான். "மீனில்ல தம்பி, தண்ணி" என்றேன். திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன். ஆற்றுத் தண்ணீருக்கா ஐஸ் என்று பஸ்ஸே சிரித்தது. ஒரு கிழவி பக்கத்தில் உட்கார்ந்து, "கங்கையா அப்பா?" என்று கேட்டுவிட்டு, தொட்டுக் கும்பிட்டாள். உன்னால் எனக்கு என்ன என்ன பட்டம்!

உன் சிநேகிதி திலகம் நல்ல பெண். காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

இன்னொரு சந்தோஷம். தகரக் கூரைக் கோயிலைக் கல்லால் கட்ட இடத்துக்கு அனுமதி கேட்டு நாம் அலைகிறோம் இல்லையா? இடம் தோட்டத்துடையது, மானேஜர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு செங்கல் வைக்க முடியாது. இந்த முறை திருவிழாவில் மாலையை வாங்கிக்கொண்டு, "செய்யலாம், செய்யலாம்" என்று தலையாட்டினார். அப்பா உயிரோடு இருக்கும்போதே ஆரம்பித்த வேலை இது. என் காலத்தில் முடிந்தால் போதும்.

அண்ணி நல்லம்மாள் கேட்கச் சொன்னாள்: வெள்ளைக்காரன் எவனையும் பிடித்துவைத்திருக்கிறாயா?

சேது


லீட்ஸ்
20.6.1988

அண்ணே,

வெள்ளைக்காரன் யாரும் இல்லை, அண்ணியிடம் சொல். என்னைப் பார்த்தாலே நூலகத்துக்கு வழி கேட்பாள் என்று ஓடிவிடுகிறார்கள்.

திலகத்திடமிருந்து முடிவு வந்துவிட்டது. படித்ததும் அறைக்குள் இங்குமங்கும் நடந்தேன், கீழ் வீட்டுக்காரி கூரையைத் தட்டினாள். ஆலைக்கு மேலே இருக்கிற தண்ணீரும் கீழே இருக்கிற தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றேதான்! கம்பத்துப் பாலத்தடியிலும் அப்படியே. பேராசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை என்னால் நம்பவே முடியவில்லை" என்றாள். "எங்கள் ஊரை நீங்கள் பார்த்ததில்லை" என்று நான் திமிராகச் சொன்னேன். பேங்க்குக்காரப் பையன்கள் இப்போது என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள்.

உனக்குப் புரியுமா தெரியவில்லை, இது சின்ன விஷயம் இல்லை. ஆற்றைக் காப்பாற்றினால் முதலாளிக்கு நஷ்டம் என்றுதான் உலகம் பூராவும் சொல்கிறார்கள். இல்லை என்று காட்ட நம்மிடம் ஒரு ஆலை இருக்கிறது. நான் எழுதுகிறேன், அண்ணே. தோட்டத்து லயத்தில் பிறந்தவள் எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் முதல் அத்தியாயத்தை வாங்கித் தங்கள் ஆண்டு அறிக்கையில் போடப்போகிறார்கள். ஐரோப்பாவில் எண்ணெய் வாங்குகிறவர்களுக்குக் காட்டுவார்களாம். செப்டம்பரில் முழு ஆய்வையும் கொடுத்துவிட்டால் பட்டம்.

ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. எல்லாம் சரியாக நடந்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான். என்னவோ அடுப்பை அணைக்காமல் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

மணி


தெராத்தாய் தோட்டம்
8.7.1988

மணி,

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. மானேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பழம் சிந்தியதற்குத் திட்டுவார் என்று போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்! எனக்கு, அந்த ஆபீசில்! கணக்கெழுதுகிற கிராணி எல்லாம் நின்றுகொண்டிருக்க நான் உட்கார்ந்திருந்தேன். காப்பி வந்தது. "உன் தங்கை எழுதியதை கே.எல். ஆபீசிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். நம் ஆலைக்கே பேர் வாங்கிக் கொடுத்துவிட்டாள்" என்றார். கோயில் அனுமதி எங்கே என்று அவரே கேட்டு, கிராணியை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். பெரிய துரை வந்துபோனதும் கையெழுத்தாம்.

நம் அம்மன் சும்மா விடுவாளா? ஆற்றில் எடுத்தது அவள் தண்ணீர் இல்லையா!

மானேஜருக்கு நீ ஒரு நன்றிக் கடிதம் எழுதிவிடு. அந்த மனுஷனும் நமக்கு எவ்வளவோ செய்கிறார். நான் கோயில் செயலாளர் ஆனதிலிருந்து வருஷா வருஷம் போய்க் கேட்பேன், என் வாய்க்கு இல்லை என்று சொன்னதில்லை. கரகம் எடுப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே கழிவுக் குளத்துக் கேட்டை அடைக்கச் சொல்லிவிடுவார். குளம் விளிம்பு வரைக்கும் தளும்பும், ஆலைக்காரர்கள் கத்துவார்கள், ஆனாலும் திறக்க விடமாட்டார். நாலு நாளில் ஆறு அலசிவிட்டுக் கண்ணாடியாக ஆகிவிடும். கரகம் முடிந்து அம்மன் கோயிலுக்குள் போன பிறகுதான் திறப்பார்கள். அன்றைக்குப் பார்க்க வேண்டும் நீ, மொத்தமும் சேர்ந்து கருப்பாய்க் கொட்டும், ரெண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சோறு. சாமி காரியத்துக்காக இவ்வளவு விட்டுக்கொடுக்கிற மானேஜர் வேறு எந்தத் தோட்டத்தில் இருக்கிறார், சொல்?

அதனால் மறக்காமல் எழுது. இங்கிலீஷில் நல்லதாக நாலு வார்த்தை.

சேது


லீட்ஸ்
19.7.1988

அண்ணே,

கேட்டா? என்ன கேட்? நாலு நாளா?

உன் கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ எடுத்தது அடைத்து வைத்திருந்த நாளின் தண்ணீரா? எனக்கு ஏன் சொல்லவில்லை? ஐயோ, ஏன் சொல்லவில்லை?

நான் ஒரு முட்டாள். படிக்கப் போய் ஹாஸ்டலில் இருந்தேன், பிறகு கே.எல்., பிறகு இங்கே. தீபாவளிக்கு வந்தால் லயத்தை விட்டு நகர்ந்ததில்லை. ஆற்றுக்கு நான் போனதெல்லாம் திருவிழாவுக்குத்தான். நீ கேட்டு அடைக்க வைத்த தண்ணீரில் கால் நனைத்துவிட்டு, அதுதான் எங்கள் ஆறு என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டேன்.

உடனே போ. ஒரு சாதாரண நாளில், ஆலை ஓடுகிற நாளில், அதே மூன்று இடத்தில் எடுத்துத் திலகத்திடம் கொடு. செப்டம்பருக்குள் எனக்கு அந்த முடிவு வந்தாக வேண்டும். இதில் விளையாடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மணி


தெராத்தாய் தோட்டம்
2.8.1988

நவமணிக்கு,

எடுக்க மாட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. ஒரு வாரம் யோசித்துத்தான் எழுதுகிறேன். கோபமும் இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்ல என்ன இருக்கிறது? நீ வீட்டிலிருந்து ஒரு பொருள் கேட்டாய். தங்கச்சிக்கு முறுக்கு அனுப்பினால் கருகியதைப் பொறுக்கியா அனுப்புவேன்? நல்லதைத்தானே அனுப்புவேன்? தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்கும் நாளாகப் பார்த்து எடுத்தேன். சோதனை என்றால் பாஸ் பண்ணத்தானே எல்லாரும் பார்ப்பார்கள். பெயிலாகிற தண்ணீர்தான் வேண்டும் என்று நீ எழுதவில்லையே.

இப்போது நீ என்ன செய்யச் சொல்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? அந்தக் கறுப்புத் தண்ணீரை நான் எடுத்துக் கொடுத்து, நீ எழுதி, அது மானேஜர் மேசைக்கு வரும். யார் எடுத்தது? சேது. என்ன சொல்வார்? நாற்காலி போட்டவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார். அனுமதிக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது, மணி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இனி அது கிடைக்குமா? அடுத்த வருஷம் கேட்டை அடைப்பாரா? அம்மனை எதில் இறக்குவேன்? மில்லுக்கு இடம் வேண்டும் என்று கோயிலையே தள்ளிவிட்டால் யாரிடம் போய் அழுவேன்? வேறு தோட்டங்களில் நடக்காததா?

நீ படித்தவள். உனக்கு ஒரு கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி. இங்கே எங்களுக்கு ஒரே மானேஜர், ஒரே கோயில், ஒரே ஆறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெஞ்சில் வைத்திருக்க முடியவில்லை. நீ திருவிழாவுக்கு மட்டும் வருகிறவள். கால் நனைத்தாய், பொங்கல் சாப்பிட்டாய், பஸ் ஏறினாய். அந்த நாற்றத்தில் இருக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கே பழகிவிட்டது. உன்னை யார் மூக்கைப் பிடிக்கச் சொன்னது?

பேசாமல் பட்டத்தை வாங்கிக்கொண்டு வா. அதிகாரியானதும் உள்ளே இருந்து திருத்து. அதுதான் புத்திசாலித்தனம்.

சேது


லீட்ஸ்
5.9.1988

அண்ணே,

நீ சொன்னதையே நானும் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போய்த் திருத்தலாம். மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. ஆறு சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்கிற அதிகாரி, உள்ளே போய் எதைத் திருத்துவாள்? என் பேரில் வந்த பொய்யைத்தான் முதலில் திருத்த வேண்டும். எந்த மானேஜரும் என் காகிதத்தையே என் முகத்தில் நீட்டுவான்.

பேராசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கேட், திருவிழா, கரகம் எல்லாம். அவளுக்குக் கரகம் என்றால் என்ன என்று புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. திட்டுவாள் என்று நினைத்தேன். "ஒரு நாள் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிகிறது என்றால், முடியாது என்று இனி அவர்கள் சொல்ல முடியாதே" என்றாள். எனக்கு அது உறைக்கவே நேரமானது. ஆய்வைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வரும் ஜூன் வரைக்கும் தவணை. அதற்குள் சாதாரண நாளின் தண்ணீரோடு கொடுத்தால் பட்டம், இல்லாவிட்டால் இத்தனையும் வீண்.

கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். ஆண்டு அறிக்கையில் என் அத்தியாயத்தைப் போட வேண்டாம் என்றேன். உன் பேரை எழுதவில்லை. இரண்டே வரியில் பதில் வந்தது, உதவித்தொகை நின்றுவிட்டது. இப்போது ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன்.

திருவிழாவுக்கு மட்டும் வருகிறவள் என்று எழுதினாய். அந்த வரியைப் படித்து அழுதேன், பிறகு உன் மேல் வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. உனக்குப் பழகிவிட்டது என்று எழுதுகிறாயே, வெட்கமாக இல்லையா? அம்மனுக்கு ஆகாத தண்ணீர் என்று தெரிந்துதானே வருஷா வருஷம் போய்க் கெஞ்சுகிறாய்? அப்புறம் மற்ற நாளில் அது யாருக்கு ஆகும்? கம்பத்தில் மீன் பிடிக்கிறானே, அவனுக்கா?

தண்ணீர் எடுத்துக் கொடு. கேட்பதை நிறுத்த மாட்டேன்.

மணி


தெராத்தாய் தோட்டம்
11.12.1988

நவமணிக்கு,

நீ எழுதிய மூன்று கடிதமும் வந்தன. பதில் போடப் பிடிக்கவில்லை.

அனுமதிக் கடிதத்தை மானேஜர் என் கண் முன்னாலேயே மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். கிழிக்கவில்லை. "உன் தங்கை வாயை மூடினால் இது வெளியே வரும்" என்றார். கோயில் கமிட்டியில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். செயலாளர் வேலையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவும் தயாராக இல்லை. அதனால் நானே கிடந்து சாகிறேன்.

இனி தண்ணீரைப் பற்றி எழுதாதே.

சேது


லீட்ஸ்
3.3.1989

அண்ணே,

தண்ணீர் கேட்டு எழுதவில்லை. கோபமும் இல்லை. களைத்துவிட்டேன், ஆனாலும் உட்கார முடியவில்லை. வேலை முடிந்து வந்தாலும் கால் நடந்துகொண்டே இருக்கிறது. ஜூன் வரும், போகும், நானும் பட்டம் இல்லாமல் விமானம் ஏறி வருவேன். வந்து உன் வீட்டு வாசலில்தான் நிற்பேன். விரட்டினால் விரட்டு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேற்றுச் சலவைக்கூடத்தில் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தேன். என் ஆய்வில் ஆலை இருக்கிறது, லாபம் இருக்கிறது, எண்ணெய் வாங்குகிற ஐரோப்பாக்காரன்கூட இருக்கிறான். நூறு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன், ஆனால் இதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

குழாயில் தண்ணீர் நின்றுபோகிற நாட்களில் அண்ணி எங்கே துணி துவைக்கிறாள்?

மணி


தெராத்தாய் தோட்டம்
3.5.1989

மணி,

உன் கடிதத்தை நல்லம்மாள்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "பதில் சொல்லுங்க, கேக்குறா இல்ல?" என்றாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். கணுக்காலுக்கு மேலே முழுக்கச் சொறி. கல்யாணமாகி இத்தனை வருஷம், அவள் ராத்திரியில் காலைச் சொறிவதைக் கேட்டிருக்கிறேன், விளக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. என்னால் உனக்குப் பதில் எழுத முடியவில்லை. லோரியில் ஏறினால் எங்கே போகிறேன் என்று மறந்துவிடுகிறது. ஆலைக்குத் திரும்புகிற வளைவைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்தேன்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் மானேஜரிடம் போனேன். வழக்கம்போலக் கெஞ்ச வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்த வருஷம் கேட்டை அடைக்க வேணாங்கய்யா. ஆலைக்கு ஏன் கஷ்டம்?" என்றேன். அவருக்குச் சந்தோஷம்! "இப்பதான் உனக்குப் புத்தி வந்துச்சு" என்றார். "மாலை வாங்க மட்டும் வந்துருங்கய்யா. கோலா சிலாங்கூர்ல இருந்து மாவட்ட அதிகாரி டி.ஓ.வும் வர்றாரு" என்றேன். டி.ஓ.வைப் போய் நான் அழைத்தது அப்போதுதான் அவருக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்தார், ஆனால் அடைக்கச் சொன்னால் குளம் தளும்புவதைப் பார்த்து அது என்ன கேட் என்று டி.ஓ. கேட்பார் அல்லவா? கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தப்பு அடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். பாதி வழியிலேயே வாடை. புளித்த வாடை உனக்குத் தெரியாது, சொல்லவும் முடியாது. ஆறு காப்பி வண்டல் மாதிரி, மேலே எண்ணெய் படர்ந்து, சூடாகப் போகிறது. தப்பு நின்றுவிட்டது. இருசப்பன் மாமா கரகச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றார். என் பக்கம் திரும்பி, "டேய் சேது, கேட்ட அடைக்கச் சொல்லலியா நீ?" என்று கத்தினார். "சொல்லல மாமா" என்றேன். ஊரே என்னை அடிக்க வந்தது. கமிட்டித் தலைவர் என் சட்டையைப் பிடித்தார். "ஆத்தாள இந்தச் சாக்கடையிலயா எறக்குவே? உருப்படுவியாடா?" என்றார். தப்புப் பண்ணிவிட்டேனோ என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

அப்போது நல்லம்மாள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். முழங்கால் வரைக்கும். திரும்பி நின்று, "எதுக்கு அவர அடிக்கிறீங்க? கொழாயில தண்ணி நின்னா நாங்க இதுலதான துணி அலசுறோம்? புள்ளைங்க துணிய இதுலதான முக்குறோம்? நமக்கு ஆவுற தண்ணி ஆத்தாளுக்கு மட்டும் ஆவாதா?" என்றாள். பிறகு இன்னொரு பெண் இறங்கினாள். அப்புறம் எல்லாப் பெண்களும். நல்லம்மாளுக்குச் சாமி வந்ததாக இப்போது லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். சாமியெல்லாம் இல்லை, அவளேதான். எனக்குத் தெரியாதா?

மாமா அழுதுகொண்டே இறங்கி, அந்தக் கறுப்புத் தண்ணீரைக் கரகத்தில் மொண்டார்.

டி.ஓ. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நல்ல மனுஷன், பாதியில் போகவில்லை. எப்போதும் ஆறு இப்படித்தானா என்று மலாயில் கேட்டார். "ஆமாம் துவான், எப்போதும் இப்படித்தான். திருவிழாவுக்கு மட்டும் அடைத்து வைப்பார்கள், இந்த வருஷம் நான்தான் வேண்டாம் என்றேன்" என்று சொன்னேன். மானேஜர் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. டி.ஓ. மானேஜரைத் தனியே கூப்பிட்டு ரொம்ப நேரம் பேசினார். ஆபீசுக்குப் போய், தண்ணீரைச் சோதிக்க ஆள் அனுப்புவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அனுப்புவாரா என்று தெரியாது.

அப்புறம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. கரகம் லயம் லயமாகச் சுற்றி, கடைசியில் மானேஜர் பங்களா வாசலில் நின்று மரியாதை வாங்க வேண்டும். நின்றது. மாமா ஆட ஆட, செம்பிலிருந்து தண்ணீர் சிந்தி அவர் தலை, முகம் எல்லாம் கறுப்பு. பங்களாவின் வெள்ளைப் படிக்கட்டெல்லாம் சிந்தியது. மானேஜர் வீட்டு அம்மா ஆராத்தித் தட்டோடு வந்தவர், வாடை தாங்காமல் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். நாங்கள் தப்பை நிறுத்தவில்லை. அவர் திரும்பி வந்து தட்டைச் சுற்றுகிற வரைக்கும் அடித்தோம்.

மறுநாளே லோரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டைக் காலி பண்ணவும் தவணை கொடுத்திருக்கிறார்கள். சுங்கை புரோங்கில் ஒரு நெல் முதலாளித் தவுக்கேயிடம் லோரி ஓட்டப் பேசியிருக்கிறேன், மீன்காரச் சோமுதான் பிடித்துக் கொடுத்தான். அனுமதிக் கடிதம் இழுப்பறையிலேயே கிடக்கிறது. கோயிலுக்கு என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஆனால் இருசப்பன் மாமா நேற்று வீட்டுக்கு வந்து, திட்டிக்கொண்டேதான், காப்பி குடித்துவிட்டுப் போனார்.

உன் பாட்டில் மூன்றும் கரகத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன். போன வருஷம் எடுத்த அதே திருவிழா நாள், அதே மூன்று இடம். அதே மீன் பெட்டி, அதே பஸ். கண்டக்டர் திறந்து பார்த்துவிட்டு, "இதுவா கங்கை?" என்றான். "ஆமாம்" என்றேன். திலகம் முடிவை உனக்கு நேராக அனுப்புவாள், ஜூனுக்குள் வந்துவிடும். இரண்டு வருஷத்துத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. யார் எடுத்தது என்று கேட்டால் என் பேரையே போடு, முழுப் பேரும்.

படித்து முடித்து வா. வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வா. வீடு எங்கே இருக்கும் என்றுதான் தெரியவில்லை, சுங்கை புரோங்கில் விசாரி.

ஆனால் இனிமேல் திருவிழாவுக்கு வராதே, மணி. ஏதாவது ஒரு சாதாரண நாளில் வா.

சேது